44 ஓட்டா, 45 ஓட்டா? தேர்தல் முடிவை மாற்றும் வகுத்தல் கணக்கு: எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாமே!

2017 ஆகஸ்ட் 8, இரவு. குஜராத் தலைநகர் காந்திநகரில் மாநிலங்களவைத் தேர்தல் ஓட்டுப்பதிவு முடிந்து பல மணி நேரமாகியும் எண்ணிக்கை தொடங்கவில்லை. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேர் தங்கள் ஓட்டுச்சீட்டை மற்றவர்களிடம் காட்டிவிட்டார்கள், அந்த ஓட்டுகள் செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்பது காங்கிரஸின் புகார். டெல்லியில் தேர்தல் ஆணையத்தின் கதவை இரண்டு கட்சிகளும் மாறி மாறித் தட்டின. நள்ளிரவு வாக்கில் ஆணையம் வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு ஓட்டுகளும் செல்லாது என்று சொன்னது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் ஜெயித்தார்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. படேலுக்கு அன்று கிடைத்தது 44 ஓட்டு. அந்த இரண்டு ஓட்டுகள் செல்லாமல் போனதால் அவருக்கு ஒரு ஓட்டுகூட கூடவில்லை. மாறாக, ஜெயிக்கத் தேவையான எண்ணிக்கை 45-லிருந்து 44-க்கு இறங்கியது. அவ்வளவுதான்!

அது எப்படி இறங்கும்? ஆறாம் வகுப்பில் படித்த வகுத்தல், ஈவு, மீதி. அப்புறம் நாம் எல்லோரும் மறந்துபோன 'போட்மாஸ்'. இந்த நான்கும் சேர்ந்துதான் அன்று இரவு வேலை செய்தன.

அது என்ன கணக்கு?

மாநிலங்களவைத் தேர்தலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் காலியாக இருந்தால், ஒவ்வொரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் 100 என்று மதிப்பு வைப்பார்கள். செல்லுபடியான ஓட்டுகளின் மொத்த மதிப்பை, 'காலி இடங்கள் கூட்டல் ஒன்று' என்ற எண்ணால் வகுக்க வேண்டும். மீதி வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கிடைத்த ஈவோடு 1 சேர்க்க வேண்டும். வருவதுதான் ஜெயிப்பதற்கான அளவு. 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் இருப்பது இது.

குஜராத்தில் அன்று 176 எம்.எல்.ஏ.க்கள், 3 இடங்கள்.

17,600 ÷ (3 + 1) = 4,400. கூட்டல் 1 = 4,401.

44 ஓட்டு என்றால் 4,400 தான். ஒரே ஒரு புள்ளி குறைகிறது. அதனால் 45 பேர் வேண்டும்.

இரண்டு ஓட்டைக் கழித்துவிட்டால்?

17,400 ÷ (3 + 1) = 4,350. கூட்டல் 1 = 4,351.

இப்போது 44 ஓட்டு, அதாவது 4,400, தாராளமாகப் போதும். அமித் ஷாவுக்கும் ஸ்மிருதி இரானிக்கும் தலா 46, படேலுக்கு 44, பாஜகவின் மூன்றாவது வேட்பாளர் பல்வந்த்சிங் ராஜ்புத்துக்கு 38. கூட்டிப் பாருங்கள், சரியாக 174 வரும்.

நம்ம ஊருக்கு இது 34

தமிழ்நாட்டில் மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் 'ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை' என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். 2025 ஜூனில் ஆறு இடங்கள் காலியானபோதும் இதே எண்தான் ஓடியது. கடைசியில் ஆறு பேரும் போட்டியின்றித் தேர்வானதால் கணக்குப் போடும் வேலையே வரவில்லை என்பது வேறு விஷயம்.

234 எம்.எல்.ஏ.க்கள், 6 இடங்கள். 23,400 ÷ (6 + 1). ஈவு 3,342, மீதி 6. மீதியை விட்டுவிட்டு 1 சேர்த்தால் 3,343. ஒரு ஓட்டு 100 என்றால் 33 ஓட்டு போதாது, 34 வேண்டும்.

இப்போது உங்கள் போன் கால்குலேட்டரை எடுத்து, அடைப்புக்குறி போடாமல் 23400 ÷ 6 + 1 + 1 என்று தட்டிப் பாருங்கள். 3,902 என்று வரும். அதாவது 40 எம்.எல்.ஏ.க்கள்! அதே எண்கள், அதே குறிகள். அடைப்புக்குறி மட்டும் இல்லை. ஒரு இடத்துக்கு ஆறு எம்.எல்.ஏ.க்கள் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள். கூட்டணிப் பேச்சுவார்த்தையில் ஆறு எம்.எல்.ஏ. என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

கால்குலேட்டர் தப்பு செய்யவில்லை. வகுத்தலை முதலில் செய், கூட்டலைப் பிறகு செய் என்ற விதியை அது ஒழுங்காகப் பின்பற்றியது. நாம் தான் 'முதலில் 6-ஐயும் 1-ஐயும் கூட்டு' என்று சொல்லத் தவறிவிட்டோம்.

ஆனால் எதற்கு இரண்டு முறை 1 கூட்ட வேண்டும்? விதியைப் படிக்கும் பலருக்கும் இது குழப்பமாகத்தான் இருக்கும். முதல் 1 வகுக்கும் எண்ணோடு சேர்வது, இரண்டாவது 1 ஈவோடு சேர்வது. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

ஆறு இடம் இருக்கும்போது ஏழு பேர் அந்த அளவைத் தொட்டுவிடக் கூடாது. அதுதான் குறிக்கோள். 3,343-ஐ ஏழால் பெருக்கினால் 23,401. இருப்பதோ 23,400. ஒரே ஒரு புள்ளி இடிக்கிறது, ஏழாவது ஆள் நுழைய முடியாது. அதே சமயம் ஆறு பேர் தொடுவதற்கு இடமிருக்கிறது. இதைவிடச் சின்ன எண்ணை வைத்தால் ஏழு பேர் வந்துவிடலாம், பெரிய எண்ணை வைத்தால் தேவையில்லாமல் கஷ்டப்படுத்துவதாக ஆகிவிடும். ஹென்றி ரிச்மண்ட் ட்ரூப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 1868-ல் முன்வைத்த யோசனை இது. கணிதமும் படித்தவர். இன்றைக்கும் அவர் பெயரில்தான் இந்த அளவை 'ட்ரூப் கோட்டா' என்கிறார்கள்.

இன்னொன்று. வகுக்கப்படுவது மொத்த எம்.எல்.ஏ. எண்ணிக்கை அல்ல, செல்லுபடியான ஓட்டுகள். தமிழ்நாட்டில் நான்கு ஓட்டு குறைந்து 230 ஆனால் 23,000 ÷ 7 = 3,285, கூட்டல் 1 = 3,286. தேவை 33 ஆகிவிடும். ஆனால் மூன்று ஓட்டு மட்டும் குறைந்து 231 ஆக இருந்தால் 3,300 கூட்டல் 1, அதாவது 34-லேயே நிற்கும். யாராவது ஓட்டுப்போட வராமல் இருப்பது கூட சில சமயம் ஒருவருக்கு உதவி தான்!

100-ஆல் முன்கூட்டியே பெருக்குவது ஏன்?

'எதற்கு இந்த 100? 234-ஐ நேராக 7-ஆல் வகுத்தாலும் 33, கூட்டல் 1 = 34 தானே வருகிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் ஹரியானாவில் இருக்கிறது.

2022 ஜூன் 10. ஹரியானாவில் இரண்டு இடங்கள், மூன்று வேட்பாளர்கள். 90 எம்.எல்.ஏ.க்களில் ஒருவர் ஓட்டுப் போடவில்லை, ஒருவர் ஓட்டு செல்லாமல் போனது. மிச்சம் 88. பாஜகவின் கிருஷ்ணன் லால் பன்வாருக்கு 36, காங்கிரஸின் அஜய் மாக்கனுக்கு 29, பாஜக ஆதரவு பெற்ற சுயேச்சை கார்த்திகேய சர்மாவுக்கு 23. முதல் விருப்ப ஓட்டில் மாக்கன் இரண்டாவது இடம். ஆனால் ஜெயித்தது சர்மா.

தேவையான அளவு 8,800 ÷ 3 = 2,933, கூட்டல் 1 = 2,934. மாக்கனிடம் இருப்பது 2,900. முப்பத்து நான்கு புள்ளி குறைவு. பன்வாரிடம் 3,600. தேவைக்கு மேல் உபரி 666. இந்த உபரி, பன்வாரின் ஓட்டுச்சீட்டுகளில் உள்ள இரண்டாம் விருப்பத்துக்குப் போகும். 36 சீட்டிலும் இரண்டாம் விருப்பம் சர்மாவுக்கு என்று வைத்துக்கொண்டால், 666 ÷ 36 = 18, மீதியை விட்டுவிடலாம். 36 × 18 = 648. சர்மாவின் 2,300-ஓடு 648 சேர்த்தால் 2,948. மாக்கனைத் தாண்டியாகிவிட்டது.

இப்போது 100 இல்லாமல் இதையே செய்து பாருங்கள். 88 ÷ 3 = 29, மீதி 1. மீதியை விட்டு, 1 கூட்டினால் 30. பன்வாரின் உபரி 36 − 30 = 6. சர்மாவின் 23-ஓடு 6 சேர்த்தால்... 29. மாக்கனுக்கும் 29!

சமநிலை. அதே ஓட்டுகள், அதே விருப்பங்கள். முதலில் பெருக்கிவிட்டு வகுத்தால் ஒருவர் ஜெயிக்கிறார். முதலில் வகுத்து மீதியைத் தூக்கிப் போட்டால் இருவரும் சமம். காரணம் எளிது: வகுத்து மீதியை விட்டுவிட்ட பிறகு, அந்த மீதி திரும்பி வராது. அதற்குப் பிறகு நூறால் பெருக்கினாலும் ஆயிரத்தால் பெருக்கினாலும் இழந்தது இழந்ததுதான். முன்பே பெருக்கிவிட்டால் மீதி சின்னதாகிவிடுகிறது. முழு எண்களை மட்டும் வைத்துக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராமர்கள் 'முதலில் பெருக்கு, கடைசியில் வகு' என்று சொல்வது இதனால்தான்.

அந்தச் செல்லாத ஒரு ஓட்டு மாக்கனுக்கானது என்றும், அது செல்லியிருந்தால் என்றும் வைத்தால் 8,900 ÷ 3 = 2,966, கூட்டல் 1 = 2,967. மாக்கனிடம் 3,000. உபரி கணக்குக்கே போக வேண்டியதில்லை.

8 ÷ 2(2+2) நினைவிருக்கிறதா?

2019 ஜூலை கடைசியில் ட்விட்டரில் இந்தக் கணக்கு தீயாகப் பரவியது. பாதிப் பேர் 16 என்றார்கள். பாதிப் பேர் 1 என்றார்கள். கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதும் அளவுக்குப் போனது. இன்றும் ஏதாவது ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் '90 சதவீதம் பேர் தப்பாகச் சொல்லும் கணக்கு' என்று வந்துகொண்டேதான் இருக்கிறது.

போட்மாஸ்படி அடைப்புக்குறி முதலில்: 8 ÷ 2 × 4. பெருக்கலும் வகுத்தலும் சம அந்தஸ்து, இடமிருந்து வலமாகப் போக வேண்டும். 4 × 4 = 16. பள்ளிக்கூடக் கணக்குக்கு இதுதான் விடை. 'வ' முதலில் வருவதால் வகுத்தல் எப்போதும் பெருக்கலுக்கு முந்தியது என்று நினைப்பது பொதுவான தவறு. 1 என்று சொன்னவர்களும் முட்டாள்கள் இல்லை. 2(2+2) என்று குறி இல்லாமல் ஒட்டி எழுதினால் அது ஒரே உருப்படி, அதை முதலில் முடிக்க வேண்டும் என்று படிக்கும் வழக்கம் இயற்கணிதத்தில் உண்டு. 6 ÷ 2(1+2) என்று கொடுத்தால் கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் கால்குலேட்டர் 1 என்று சொல்லும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-83 பிளஸ் 9 என்று சொல்லும். இரண்டும் பழுதான மெஷின் இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டுப் புத்தகங்களில் போட்மாஸின் 'ஓ' என்பது 'ஆஃப்'. 24 ÷ 3 ஆஃப் 4 என்று வந்தால் ஆஃப்-ஐ வகுத்தலுக்கு முன்பே முடிக்க வேண்டும், விடை 2. அதைச் சாதாரணப் பெருக்கல் என்று எடுத்தால் 32 வரும், மார்க் போகும்.

வாட்ஸ்அப்பில் 16-ஆ 1-ஆ என்று சண்டை போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தேர்தலில் அப்படி விட முடியாது. அதனால்தான் விதிகள் குறிகளை நம்பாமல் வார்த்தையில் எழுதுகின்றன: இதைக் கூட்டு, பிறகு இதனால் வகு, மீதியை விடு, பிறகு ஒன்று சேர். அதில் மிக முக்கியமானது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது.

ஒரு எம்.எல்.ஏ. ஓட்டு 176 ஆனது எப்படி?

குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் 208. சிக்கிமில் 7. சட்டப்பிரிவு 55 சொல்லும் முறை இதுதான்: மாநில மக்கள்தொகையை, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் ஈவில் எத்தனை ஆயிரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மிச்சம் 500-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று சேர்க்க வேண்டும்.

இதில் மக்கள்தொகை என்பது 1971-ம் ஆண்டுக் கணக்கு. தமிழ்நாட்டுக்கு 4,11,99,168. இதை 234-ஆல் வகுத்தால் 1,76,064 மற்றும் சொச்சம். 176 ஆயிரம், மிச்சம் 64. 500 இல்லை. ஆகவே 176.

குறிப்புகளில் இதைச் சுருக்கி 'மக்கள்தொகை ÷ எம்.எல்.ஏ.க்கள் × 1000' என்று ஒரே வரியில் எழுதும் வழக்கம் இருக்கிறது. அதை அப்படியே போனில் தட்டினால் என்ன வரும் தெரியுமா? 17 கோடியே 60 லட்சம்! வகுத்து முடித்த பிறகு ஆயிரத்தால் பெருக்கிவிடுகிறது. புத்தகத்தில் மேலே ஒரு எண், நடுவில் கோடு, கீழே '234 × 1000' என்று இருக்கும்போது அந்தக் கோடே அடைப்புக்குறி வேலையைச் செய்கிறது. ஒரே வரியாக மாற்றும்போது கோடு போய்விடுகிறது, கூடவே அடைப்புக்குறியும் போய்விடுகிறது. ஒன்று (234 × 1000) என்று அடைப்புக்குறி போடுங்கள், இல்லையென்றால் 234-ஆல் வகுத்துவிட்டு மறுபடியும் 1000-ஆல் வகுங்கள். சில போன்களில் அடைப்புக்குறி வேண்டுமென்றால் போனைப் படுக்கவாட்டில் திருப்ப வேண்டியிருக்கும்.

கேரளாவுக்கு நஷ்டம், மத்தியப் பிரதேசத்துக்கு லாபம்

இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. கேரளாவின் 1971 மக்கள்தொகை 2,13,47,375. 140 எம்.எல்.ஏ.க்கள். வகுத்தால் 1,52,481. மிச்சம் 481. ஐந்நூறுக்கு 19 குறைவு! அதனால் ஓட்டு மதிப்பு 152-லேயே நின்றுவிட்டது. அன்றைக்குக் கேரளாவில் இன்னும் 2,625 பேர் மட்டும் கூடுதலாக இருந்திருந்தால், ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் 153. மாநிலத்துக்கு மொத்தம் 140 ஓட்டு கூடியிருக்கும்.

மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். 3,00,16,625 மக்கள், 230 எம்.எல்.ஏ.க்கள். வகுத்தால் 1,30,507. மிச்சம் 507. ஐந்நூறைத் தாண்டிவிட்டது, வெறும் 7. மதிப்பு 131. அந்த மாநிலத்தில் 1,626 பேர் குறைந்திருந்தால் 130 தான். 230 ஓட்டு போயிருக்கும்.

ஆயிரம் பேருக்கு ஒரு ஓட்டு என்று நேரடியாகப் பார்த்தால் கேரளாவுக்கு 21,347 வர வேண்டும், கிடைப்பது 21,280. மத்தியப் பிரதேசத்துக்கு 30,017 வர வேண்டும், கிடைப்பது 30,130. சிக்கிமுக்கு 210 வர வேண்டும், 32 எம்.எல்.ஏ. பெருக்கல் 7 என்று 224 கிடைக்கிறது. நமக்கு 41,199-க்குப் பதில் 41,184.

முதலில் மொத்தத்தை ஆயிரத்தால் வகுத்து, முழுமையாக்கி, பிறகு எம்.எல்.ஏ.க்களுக்குப் பிரித்திருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. ஆனால் அப்போது ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் ஓட்டும் 176.06 என்று தசமத்தில் வரும், எண்ணும் மேஜையில் தலைவலி. சாசனத்தை எழுதியவர்கள் தனி ஓட்டு முழு எண்ணாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள். அதற்கான விலை இந்தச் சில்லறை வித்தியாசம். மொத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும் ஓட்டு மதிப்பில் இது பெரிய தொகை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆந்திரா பிரிந்த கதை இதைவிட வேடிக்கை. பிரியாத ஆந்திராவில் 294 எம்.எல்.ஏ.க்கள், தலா 148, மொத்தம் 43,512. 2014-ல் தெலங்கானா பிரிந்தது. ஆந்திராவுக்கு 175 பேர், தலா 159, மொத்தம் 27,825. தெலங்கானாவுக்கு 119 பேர், தலா 132, மொத்தம் 15,708. இரண்டையும் கூட்டினால் 43,533. அதே 1971 மக்கள், அதே 294 எம்.எல்.ஏ.க்கள். ஆனால் 21 ஓட்டு புதிதாக முளைத்துவிட்டது! 2012 தேர்தலில் எம்.எல்.ஏ.க்களின் மொத்த ஓட்டு மதிப்பு 5,49,474, 2017-ல் 5,49,495. வித்தியாசம் சரியாக அந்த 21.

எம்.பி. ஓட்டு 708-லிருந்து 700 ஆனது ஏன்?

எம்.பி.க்களின் கணக்கு எம்.எல்.ஏ. கணக்கு முடிந்த பிறகுதான் தொடங்கும். எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு மதிப்பையும் கூட்டி, அந்தத் தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையான 776-ஆல் வகுக்க வேண்டும். ஏற்கெனவே முழுமையாக்கிய எண்களின் மேல் இன்னொரு வகுத்தல்.

2017-ல் 5,49,495 ÷ 776 = 708. 2022-ல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றமே இல்லை. அந்த மாநிலத்தின் 87 பேர், தலா 72, ஆக 6,264 கணக்கிலிருந்து போனது. மிச்சம் 5,43,231. 776-ஆல் வகுத்தால் 700, மீதி 31. காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால், நாடு முழுக்க ஒவ்வொரு எம்.பி.க்கும் 8 ஓட்டு குறைந்தது. தமிழ்நாட்டின் 39 மக்களவை, 18 மாநிலங்களவை எம்.பி.க்களுக்கும் சேர்த்து 456.

சட்டம் படிப்பவர்கள் ரசிக்கும் ஒரு நுணுக்கம். எம்.எல்.ஏ. கணக்கில் மிச்சம் சரியாக 500 வந்தால் ஒன்று கூட்ட வேண்டும், ஏனென்றால் வாசகம் '500-க்குக் குறையாமல்'. எம்.பி. கணக்கில் சரியாக அரை வந்தால் கூட்டக் கூடாது, ஏனென்றால் வாசகம் 'அரைக்கு மேல்'. ஒரே சட்டப்பிரிவு, அடுத்தடுத்த வரிகள், இரண்டு விதமான முழுமையாக்கல்!

ஓட்டு எண்ணும் அன்றும் ஒரு வகுத்தல் உண்டு. 2022-ல் செல்லுபடியான ஓட்டுகளின் மதிப்பு 10,56,980. அதை 2-ஆல் வகுத்து 1 கூட்டினால் 5,28,491. திரௌபதி முர்முவுக்குக் கிடைத்தது 6,76,803. யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177.

1971 எண் மாறினால்?

இதுவரை பார்த்தது எல்லாம் சில்லறை வித்தியாசம். பெரிய வித்தியாசம் வகுபடும் எண்ணில் இருக்கிறது.

1976-ல் 42-வது திருத்தம் 1971 கணக்கை நிறுத்தி வைத்தது. 2001-ல் 84-வது திருத்தம் அதை மேலும் நீட்டியது: 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை. தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சில் இதே 1971 எண்தான் அடிபடுகிறது. ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அதுவே இருக்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

உதாரணத்துக்கு 2011 மக்கள்தொகையை வைத்து, எம்.எல்.ஏ. எண்ணிக்கையை மாற்றாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாடு 7,21,47,030 ÷ 234. மதிப்பு 308. உத்தரப் பிரதேசம் 19,98,12,341 ÷ 403. மதிப்பு 496. பீகார் 10,40,99,452 ÷ 243. மதிப்பு 428.

இன்று பீகார் எம்.எல்.ஏ.வின் ஓட்டு 173. நம்முடையது 176, மூன்று கூடுதல். 2011 எண்ணில் நாம் 120 பின்னால் இருப்போம். இதில் 500 மிச்சமா 481 மிச்சமா என்பதற்கு வேலையே இல்லை. இடையில் நாற்பது ஆண்டுகளில் எந்த மாநிலம் குடும்பக் கட்டுப்பாட்டில் எவ்வளவு முன்னால் போனது என்பதுதான் அந்த 120.

'அப்படியென்றால் எம்.எல்.ஏ. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடுமா?' என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. எம்.எல்.ஏ.க்களைக் கூட்டினால் வகுக்கும் எண் பெரிதாகும், தனி ஓட்டின் மதிப்பு குறையும். அதே எண்ணால் திரும்பப் பெருக்கும்போது மாநிலத்தின் மொத்தம் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். வகுத்த எண்ணாலேயே பெருக்கினால் என்ன மிஞ்சும்? ஆந்திராவுக்கு வந்தது போல பத்து இருபது ஓட்டு ஏறும், இறங்கும். அவ்வளவே.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-ல். முர்முவின் பதவிக்காலம் அந்த ஆண்டு ஜூலையில் முடிகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, பனி சூழ்ந்த பகுதிகள் தவிர மற்ற இடங்களுக்கு, 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு 2025 ஜூனில் தேதி குறித்தது. இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள்தான். 84-வது திருத்தத்தின் வாசகம் 'எடுக்கப்படும் வரை' என்று நிற்கவில்லை, விவரங்கள் 'வெளியிடப்படும் வரை' என்கிறது. அந்த வாசகப்படி, எண்கள் ஜூலைக்கு முன் வெளிவரவில்லை என்றால் 2027-லும் தமிழ்நாட்டுக் கணக்கு 4,11,99,168-லிருந்தே தொடங்கும், 176-லேயே முடியும்.